பூட்டிய வீட்டில் ஓடும் தண்ணீர்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் தண்ணீர்ப் பட்டியலை வாசிப்பது எப்படி என்று எழுதியதன் பின்னர் திருகோணமலையின் பல பகுதிகளிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை பட்டியலை ஏற்றிவிட்ட கசிவைப் பற்றியே பேசுகின்றன. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நல்லூர்த் திருவிழாவுக்காகக் குடும்பத்துடன் ஐந்து நாட்கள் யாழ்ப்பாணம் போய்த் திரும்பியபோது, மேல்மாடிக் குளியலறையில் பேசினுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வளைகுழாய் வெடித்து, தண்ணீர் படிக்கட்டால் இறங்கிக்கொண்டிருந்தது. கீழறையில் இருந்த அலுமாரியும் பிள்ளைகளின் புத்தகங்களும் பாழாகிவிட்டன. அந்த மாதப் பட்டியலும் வழமையைவிடப் பல மடங்காக வந்தது. கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும் சென்சர்கள் இப்போது விற்கப்படுகின்றன. அவற்றில் ஒன்றிரண்டை வாங்கி வைத்திருந்தால் தப்பியிருப்போமா?
— ஓர் ஆசிரியை, உவர்மலை

பதில்: சென்சர் மட்டும் இருந்திருந்தால், நல்லூர் வீதியில் சனத்துக்கு நடுவே நிற்கும்போது உங்கள் வீடு நனைகிறது என்ற செய்தி வந்திருக்கும், வீடு நனைவது நின்றிருக்காது. வீட்டுத் திறப்பு அயலவரிடம் இருந்து, எந்த வால்வைப் பூட்டவேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தால் மட்டுமே அந்தச் செய்தியால் பயன் உண்டு. கடையில் இதைச் சொல்லி விற்கமாட்டார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தச் சென்சரின் வேலை மிக எளியது. உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டியின் அடியில் இரண்டு உலோக முனைகள் இருக்கும். அவற்றுக்கிடையே தண்ணீர் பரவினால் மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். உள்ளே இருக்கும் சில்லு அதை உணர்ந்து ஒலி எழுப்பி, வைஃபை மூலமாகவோ சிக்பீ எனப்படும் குறைந்த மின்சக்தி வானலை முறை மூலமாகவோ செய்தியை அனுப்பும். அதாவது, தண்ணீர் தன்னைத் தொட்ட பிறகுதான் அதற்கு எதுவும் தெரியவரும். குளியலறையின் ஒரு மூலையில் சென்சரும் மறு மூலையை நோக்கித் தரைச் சாய்வும் இருந்தால், படிக்கட்டு நனைந்து முடியும்வரை அது பேசாமல் கிடக்கும். ஆகவே வாங்கியவுடன் ஒரு குவளை தண்ணீரைப் பேசினுக்குக் கீழே ஊற்றி, அது எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று பாருங்கள். சென்சருக்குரிய இடம் அந்த வழியில்தான் இருக்கிறது.

இனி, உங்கள் வீட்டில் நடந்ததைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மேலே 1000 லீற்றர்த் தாங்கி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வெடித்த அரை அங்குலக் குழாயால் நிமிடத்துக்கு 8 லீற்றர் போனது என்று வைத்துக்கொண்டால், இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் தாங்கி வெறுமையாகி, சேதமும் அதோடு முடிந்திருக்கவேண்டும். முடியாமற்போனதற்குக் காரணம் தாங்கிக்குள் இருக்கும் மிதவை வால்வு. நீர்மட்டம் இறங்க இறங்க அது தன் கடமையைத் தவறாமற் செய்து, நீர் வழங்கல் சபையின் குழாயிலிருந்து தண்ணீரை வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஐந்து நாட்களுக்கு 7200 நிமிடங்கள். அதே வேகத்தில் 57,600 லீற்றர். ஓர் அலகு 1000 லீற்றர் என்பதால் பட்டியலில் 57 அலகுக்கு மேல். ஊரே தண்ணீருக்கு ஏங்கும் ஆவணி வெயிலில், கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டு வந்து உங்கள் படிக்கட்டால் இறங்கியிருக்கிறது.

ஆகவே, தானாகப் பூட்டும் வால்வு ஒன்றைப் பொருத்த நினைத்தால் அதற்கு இரண்டு இடங்கள் உண்டு: தாங்கியிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் குழாய், சபையிலிருந்து தாங்கிக்கு ஏறும் குழாய். வெளிநாட்டு விளம்பரங்களில் வீட்டு வாசலில் ஒரே ஒரு வால்வைக் காட்டுவார்கள். அங்கே தண்ணீர் நேரே அழுத்தத்துடன் வருகிறது. நம்முடைய வீடுகளில் வாசலில் மட்டும் பூட்டினால் தாங்கியில் உள்ள 1000 லீற்றரும் கீழே வந்து சேரும். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் தாங்கிக்குக் கீழே பொருத்துங்கள். தாங்கி நிறைந்ததும் மிதவை வால்வு சபைத் தண்ணீரைத் தானே நிறுத்திவிடும்.

வால்வின் வகையையும் கவனிக்கவேண்டும். பத்து மீற்றர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும் என்பது கணக்கு. உங்கள் தாங்கியின் நீர்மட்டம் மேல்மாடிக் குழாயிலிருந்து மூன்று மீற்றர் உயரத்தில் இருந்தால் அங்கே கிடைப்பது 0.3 பார்தான், தாங்கிக்கு அருகே பொருத்தும் வால்வின்மீது இருப்பது அதிலும் குறைவு. மலிவாகக் கிடைக்கும், மின்காந்தத்தால் இயங்கும் சொலனொயிட் வால்வுகளில் பல, உள்ளே ஒரு சவ்வைத் தள்ளித் திறப்பதற்குத் தண்ணீரின் அழுத்தத்தையே நம்பியிருப்பவை. இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் அவை சரியாக இயங்கா. அவற்றை விட்டு, சிறு மோட்டரால் திரும்பும் பந்து வால்வை வாங்குங்கள். திறந்த நிலையில் அதன் துவாரம் குழாயின் அளவுக்கே இருப்பதால் குளிக்கும்போது தண்ணீர் மெலிந்து வருகிறது என்ற குறையும் இராது.

கடைக்காரரிடம் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: ரவுட்டரில் இணையம் இல்லாத நேரத்தில் சென்சர் நனைந்தால் வால்வு பூட்டுமா? சில பொருட்களில் சென்சரின் செய்தி கடல் கடந்து யாரோ ஒருவருடைய கணினிக்குப் போய், அங்கிருந்து கட்டளையாகத் திரும்பி வந்துதான் வால்வு அசையும். வேறு சிலவற்றில் வீட்டுக்குள் இருக்கும் மையக் கருவியே முடிவெடுக்கும். இரண்டாவது வகையே நமக்கு வேண்டியது. மின்வெட்டிலும் அது இயங்கவேண்டுமானால் மையக் கருவிக்கும் வால்வுக்கும் சிறிய பற்றரிக் காப்பு வைக்கவேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் சொந்த அபிப்பிராயத்தையும் சொல்லவேண்டும். ஐந்து நாள் பயணத்துக்கு முன் தாங்கிக்குக் கீழே உள்ள வால்வைக் கையால் பூட்டிவிட்டுப் போயிருந்தால் செலவில்லாமல் இதே பயன் கிடைத்திருக்கும். நம் வீடுகளில் அந்த வால்வு கட்டிய நாள் முதல் அசையாமல் இறுகிக் கிடக்கிறது என்பதும் உண்மையே. ஒருமுறை பிளம்பரைக் கூப்பிட்டு அதை மாற்றிவிட்டு, மாதத்தில் ஒரு தடவையாவது திருப்பி வையுங்கள். அந்த வளைகுழாய்களையும் ஐந்தாண்டுகளுக்கு ஒரு தடவை மாற்றுவது நல்லது. வெளியே மினுங்கும் கம்பிப் பின்னல்தான் உள்ளே இருக்கும் இறப்பர்க் குழாயைத் தாங்குகிறது; கடற்காற்றின் உப்பும், பேசினுக்குக் கீழே நாம் வைக்கும் குளோரின் கலந்த கழுவும் திரவத்தின் ஆவியும் அந்தப் பின்னலை இழை இழையாக அரித்துவிடும். ஓர் இழை அறுந்து தலை நீட்டிக்கொண்டிருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று: நனைந்த வீட்டுக்குள் முதலில் நுழைபவர் தண்ணீருக்குள் கால் வைக்குமுன் பிரதான சுவிச்சை நிறுத்தவேண்டும். சுவிச்சுக்குப் போகும் வழியே தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போகாமல் மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு அறிவிப்பதே சரி.

கேள்வி: எங்கள் தண்ணீர்ப் பட்டியல் மூன்று மாதங்களாக ஏறிக்கொண்டே போகிறது. சுவரிலோ தரையிலோ ஈரம் இல்லை. வாங்கி வைத்த இரண்டு சென்சர்களும் ஒரு தடவைகூட ஒலிக்கவில்லை. எங்கே தேடுவது?
— வாசகர், மனையாவெளி

பதில்: கொமட்டின் பின்னால் இருக்கும் தொட்டியில் தேடுங்கள். அதன் அடி இறப்பர் தேய்ந்தால் தண்ணீர் சத்தமில்லாமல் கொமட்டுக்குள் இறங்கி நேரே குழிக்குப் போய்விடும். தரை நனையாததால் எந்தச் சென்சருக்கும் அது தெரியாது. நிமிடத்துக்கு 200 மில்லிலீற்றர் என்றாலும் ஒரு நாளைக்கு 288 லீற்றர், மாதத்துக்கு எட்டு அலகுக்கு மேல். தொட்டிக்குள் பலகாரத்துக்குப் போடும் நிறத்தில் சில துளிகளை விட்டு, அரைமணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் இருந்து, கொமட்டுக்குள் நிறம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் இறப்பரை மாற்றினால் போதும். மூன்றாவது சென்சர் வாங்கவேண்டியதில்லை.

கேள்வி: கடற்கரைக்கு மிக அருகில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறேன். ஆறு குளியலறைகளிலும் சென்சர் வைத்திருக்கிறேன். வாடைக்காற்று தொடங்கியதிலிருந்து நடு இரவில் ஏதாவதொன்று அலறுகிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் தரை உலர்ந்து கிடக்கிறது. விருந்தினர்கள் முகம் சுளிக்கிறார்கள். கருவிகள் பழுதா?
— வாசகர், உப்புவெளி

பதில்: பழுதில்லை; உங்கள் ஊரின் பெயரிலேயே விடை இருக்கிறது. கடற்காற்றோடு வரும் நுண்ணிய உப்பு சென்சரின் இரு முனைகளுக்கிடையே ஒரு மெல்லிய படையாகப் படிந்துவிடும். உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் கறியுப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானாகக் கரையத் தொடங்கும்; கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் உப்புகள் அதற்கும் முன்னரே கசியும். குசினியில் உப்புப் போத்தல் மழைக்காலத்தில் நீர் விடுவதும் இதனால்தான். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் பேசாதிருந்த கருவி, இரவு குளிர்ந்து ஈரப்பதன் ஏறும் நேரத்தில் தண்ணீர் வந்துவிட்டதாக எண்ணுகிறது.

மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் முனைகளைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். கிணற்றுத் தண்ணீர் சவராக இருந்தால் அதனாலே துடைக்கவேண்டாம். உப்பைத் துடைத்து உப்பையே பூசியதாகிவிடும். செயலியில் தாமத நேரம் வைக்கும் வசதி இருந்தால் அரை நிமிடம் வையுங்கள். மெய்யான கசிவுக்கு அரை நிமிடம் ஒரு பொருட்டல்ல. ஈரக் காற்றால் அவ்வப்போது வந்து போகும் பொய்த் தொடர்புகள் அதற்குள் பெரும்பாலும் அறுந்துவிடும். அலறலுக்குப் பயந்து பற்றரியைக் கழற்றி வைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து நீங்களும் அவர்களோடு சேரவேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. உங்கள் காணி மணல் தரை. நீர்மானியிலிருந்து விடுதிவரை நிலத்துக்கடியில் ஓடும் குழாயில் வெடிப்பு வந்தால், தண்ணீர் மேலே வராமல் மணலுக்குள் இறங்கிவிடும். உவர்மலை போன்ற மேட்டு நிலத்திலாவது கீழ்வீட்டுக்காரரின் மதில் நனைந்து செய்தி சொல்லும். உங்களுக்கு அதுவும் இல்லை. அந்தக் குழாய்க்குத் தரைச் சென்சர் உதவாது. இரவு எல்லாக் குழாய்களையும் பூட்டி, தாங்கி நிறைந்திருப்பதையும் உறுதிசெய்துகொண்டு நீர்மானியின் எண்ணைக் குறித்துவையுங்கள். விடியற்காலையில் யாரும் எழும்புமுன் மீண்டும் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் தோண்டத்தான் வேண்டும்.

கேள்வி: அம்மா திருகோணமலை நகரத்தில் தனியாக இருக்கிறார், வயது எழுபத்தெட்டு. இங்கே கடைகளில் சென்சர், வால்வு, மையக் கருவி எல்லாம் சேர்ந்த பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. அடுத்த மாதம் ஊருக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். பொருத்தமாக இருக்குமா?
— வாசகர், ரொறன்ரோ

பதில்: சென்சரை அனுப்புங்கள், வால்வை அனுப்பவேண்டாம். காரணம் குழாயைத் திருகி இணைக்கும் புரியில் இருக்கிறது. வட அமெரிக்கக் குழாய்ப் புரியின் கோணம் 60 பாகை. இலங்கையில் நாம் பயன்படுத்தும் பிரித்தானிய முறைப் புரியின் கோணம் 55 பாகை. அரை அங்குலத்துக்கும் முக்கால் அங்குலத்துக்கும் இரண்டு முறைகளிலும் அங்குலத்துக்கு 14 புரிகளே இருப்பதால், வால்வு முதலில் இரண்டு மூன்று சுற்றுகள் இதமாகப் போகும், பிறகு இறுகும். பிளம்பர் பலத்தைக் கூட்டினால் பிவிசி இணைப்பு பிளக்கும். கூட்டாவிட்டால், டேப்பை எவ்வளவுதான் சுற்றினாலும் ஓரத்தால் துளிர்த்துக்கொண்டிருக்கும். கசிவைத் தடுக்க வந்த வால்வே வீட்டின் முதற் கசிவாகிவிடும். வால்வை இங்கேயே வாங்குவது நல்லது.

மின்சாரமும் வேறு. அங்கே 120 வோல்ட். இங்கே 230 வோல்ட். மையக் கருவியின் மின்மாற்றியில் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் பிளக்கை மட்டும் மாற்றிப் பயன்படுத்தலாம். 120 என்று மட்டும் இருந்தால் செருகிய கணத்திலேயே எரிந்துவிடும். அடுத்தது வானலை. வைஃபையும் சிக்பீயும் பயன்படுத்தும் 2.4 கிகாஹேர்ட்ஸ் இரு நாடுகளுக்கும் பொது. ஆனால் இசட்வேவ் என்ற இன்னொரு வானலை முறையின் பெயர் பெட்டியில் எழுதியிருந்தால் அது வட அமெரிக்காவில் 908.42 மெகாஹேர்ட்ஸில் இயங்குவது. இங்கே அது கைத்தொலைபேசிகளுக்குரிய 900 மெகாஹேர்ட்ஸ் பட்டைக்குள் விழுகிறது. ஆகவே அதைத் தவிருங்கள்.

நேர வித்தியாசம் உங்களுக்கு ஒருவகையில் உதவி. கோடைகாலத்தில் இங்கே அதிகாலை இரண்டு மணி என்றால் அங்கே முதல்நாள் மாலை நாலரை. ஊர் உறங்கும் நேரத்தில் நீங்கள் விழித்திருப்பீர்கள். ஆனால் விழித்திருந்து யாருக்குத் தொலைபேசி எடுப்பீர்கள் என்பதை இப்போதே தீர்மானித்து, அந்த அயலவரின் எண்ணையும் செயலியில் சேர்த்துவிடுங்கள். இடி இடித்தால் அம்மா ரவுட்டரின் வயரைக் கழற்றிவிடுவார் என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும். இந்த ஊரில் எல்லா அம்மாக்களும் அதைத்தான் செய்கிறார்கள், ஐப்பசி இடியைக் கேட்டவர்கள் அவர்களைக் குறைசொல்லவும் மாட்டார்கள். அந்த நேரத்தில் உங்களுக்குச் செய்தி வராது. எனவே உரத்து ஒலிக்கும் சென்சராக, அம்மாவின் காதுக்கு எட்டுகிறதா என்று அவரையே கேட்டுத் தெரிந்தெடுத்து வையுங்கள். தாங்கிக் குழாய் வால்வு மொட்டைமாடியில் இருந்தால், கீழே அவர் கைக்கு எட்டும் இடத்தில் இன்னொன்றைப் பொருத்தி, அதன் பிடிக்குச் சிவப்பு வர்ணம் பூசிவிடச் சொல்லுங்கள். எழுபத்தெட்டு வயதில் ஏணி ஏறவைக்கக் கூடாது.

கேள்வி: எங்களுக்குக் கிணறும் மோட்டரும் மட்டுமே, நீர்மானி கிடையாது. மோட்டரைப் போட்டுவிட்டு மறந்து, தாங்கி வழிவது வாரத்தில் இரண்டு தடவையாவது நடக்கிறது. இதற்கும் உங்கள் சென்சர் உதவுமா?
— வாசகி, கிண்ணியா

பதில்: வழிவதை நிறுத்த ஸ்மார்ட் கருவி எதுவும் வேண்டாம், தாங்கிக்குள் தொங்கவிடும் மிதவைச் சுவிச்சு ஒன்றே போதும். நிறைந்ததும் மோட்டரை அது நிறுத்திவிடும். நீண்டகாலமாக வழிந்திருந்தால் தாங்கி நிற்கும் கொங்கிரீட் தட்டை ஒரு மேசனிடம் காட்டுங்கள். சவர்த் தண்ணீரின் உப்பு கொங்கிரீட்டுக்குள் ஊறி உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கவைக்கும். துரு இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிப்பதால் கொங்கிரீட் பொருக்காகப் பிளந்து விழும்.

மறைவான கசிவைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் உங்களுடைய நீர்மானி மோட்டரேதான். அது நாளொன்றுக்கு எத்தனை நிமிடம் ஓடியது என்று பதிவுசெய்யும் மின் அளவி ஒன்றை மோட்டரின் வயரில் பொருத்துங்கள். முதலில் வாளியால் அளந்து, மோட்டர் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் ஏற்றுகிறது என்று தெரிந்துகொள்ளவேண்டும். அது 30 லீற்றர் என்றும், வீட்டுக்கு நாளொன்றுக்கு 600 லீற்றர் போதும் என்றும் கொண்டால் மோட்டர் 20 நிமிடம் ஓடினாற் போதும். தாங்கி வழியாத நாளிலும் 50 நிமிடம் என்று பதிவாகியிருந்தால் 900 லீற்றர் எங்கோ போகிறது. சாதாரண ஸ்மார்ட் பிளக்கில் மோட்டரை நேரே செருகுவதை மட்டும் தவிருங்கள். மோட்டர் தொடங்கும் கணத்தில் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். அதனால் பிளக்கின் உள்தொடுப்பு உருகி ஒட்டிக்கொண்டால், செயலியில் நிறுத்தியதாகக் காட்டும், கிணற்றடியில் மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். இடையில் ஒரு கொன்டாக்டரை, அதாவது பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் மின்காந்தச் சுவிச்சை, பொருத்தும்படி மின்னிணைப்பாளரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: பாடசாலைக் கண்காட்சிக்காக இஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகையில் கசிவு உணரி ஒன்று செய்தேன். இரண்டு செப்புக் கம்பிகளைத் தண்ணீரில் வைத்தேன். மூன்று நாட்களில் ஒரு கம்பி பச்சையாகி மெலிந்துவிட்டது. மற்றது அப்படியே இருக்கிறது. ஏன்?
— உயர்தர மாணவன், திருகோணமலை

பதில்: நேர்முனையோடு இணைத்த கம்பிதான் மெலிந்திருக்கும், பாருங்கள். நேரோட்டம் இடைவிடாமல் பாய்ந்ததால் அந்த முனையின் செம்பு மின்பகுப்பில் கரைந்து பச்சை உப்பாக மாறியிருக்கிறது. கம்பிக்கு நிரந்தரமாக மின் கொடுக்காமல் பலகையின் ஒரு முனையிலிருந்து கொடுத்து, சில விநாடிகளுக்கு ஒரு தடவை அளக்கும் கணத்தில் மட்டும் இயக்குங்கள். ஒவ்வொரு அளவீட்டுக்கும் திசையை மாற்றினால் இன்னும் நல்லது. செம்புக்குப் பதிலாகத் துருப்பிடியா உருக்குத் திருகாணிகள் இரண்டைப் பயன்படுத்திப் பாருங்கள். கண்காட்சிக்கு முன் சபைத் தண்ணீர், மழைத் தண்ணீர், சவர்க் கிணற்றுத் தண்ணீர் மூன்றிலும் தனித்தனியே அளந்து எண்களைக் குறித்துவையுங்கள். சவர்த் தண்ணீருக்கு வைத்த எல்லையில் மழைத் தண்ணீர் உங்கள் கருவிக்குத் தெரியாமலே போய்விடக்கூடும்.